வழியும் நீரில் வெப்பம் பாயும் விதம்

குடிநீர்ப் பஞ்சம் என்றதும், "கடல் நிறைய நீர் இருக்கிறதே, அதைக் காய்ச்சி வடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சி வடிக்கலாம். ஆனால் அதற்கு ஆகும் எரிபொருளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1 கிலோ நீரை 30° செ. இலிருந்து 60° செ. வரை சூடாக்க ஏறக்குறைய 125 கிலோ ஜூல் வெப்பம் போதும். அந்த 60° நீரை அதே வெப்பநிலையில் ஆவியாக்கவோ ஏறக்குறைய 2,360 கிலோ ஜூல் வேண்டும்! இவ்வெப்பம் அழிந்து போவதில்லை. உள்ளுறை வெப்பமாக ஆவியில் தங்கி, ஆவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படுகிறது. அதைக் கொண்டு அடுத்த அறையிலுள்ள நீரை ஆவியாக்கலாம் அல்லவா? இம்முறையைச் சர்க்கரை ஆலைகளுக்காக வகுத்து, 1843ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த நார்பர்ட் ரில்லியூ. இன்று கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளிலும் இதே முறை கையாளப்படுகிறது.

வரிசையாகப் பல அறைகள். ஒவ்வோர் அறையிலும் அழுத்தம் முந்தியதைவிடக் குறைவு. ஆகவே கொதிநிலையும் குறைவு. முதல் அறை 65° என்றும் கடைசி அறை 40° என்றும் கொள்வோம். இடையிலுள்ள 25 பாகையை எட்டு, பத்து அறைகள் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 3 பாகையே. இச்சிறு வேறுபாட்டிலேயே வெப்பம் பாய்ந்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல்.

அறையில் நீரைத் தேக்கி, அதனுள் நீராவிக் குழாய்களை மூழ்க வைத்தால் என்ன ஆகும்? நீர் 60° இல் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 1 மீட்டர் ஆழத்திலோ, மேலுள்ள நீரின் எடையால் மேலும் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். அங்கு நீர் கொதிக்கச் சுமார் 69° தேவை. கையிலிருப்பது 3 பாகை. ஆழமோ 9 பாகையை விழுங்குகிறது!

ஆகையால் நீரைத் தேக்காமல், கிடைக்குழாய் அடுக்கின் மேல் தெளிக்கிறார்கள். குழாயின் உள்ளே நீராவி குளிர்ந்து நன்னீராகிறது. வெளியே கடல்நீர் மெல்லிய படலமாக வழிந்து ஆவியாகிறது. படலத்துக்கு ஆழமே இல்லாததால் அழுத்தமும் கூடுவதில்லை.

இப்படலத்தின் தடிமனைக் கணக்கிட வழிகாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் நுஸ்ஸெல்ட் (1916). குழாயின் ஒரு பக்கத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு வினாடிக்கு 50 கிராம் நீர் வழிந்தால், பக்கவாட்டில் படலத்தின் தடிமன் சுமார் 0.2 மி.மீ. மட்டுமே. நீர் வெப்பத்தை அரிதாகவே கடத்தும் பொருள். ஆயினும் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஒரு சதுர மீட்டர் படலத்தின் வழியே 3,000 வாட்டுக்கு மேல் வெப்பம் பாய்கிறது.

அப்படியானால் நீரை இன்னும் குறைத்தால் நல்லதல்லவா? இங்கே கவனம் தேவை. தடிமன், வழியும் அளவின் கனமூலத்தைப் பொறுத்தது. நீரை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தாலும் தடிமன் பாதிதான் ஆகும். நீர் மிகக் குறைந்தாலோ படலம் அறுந்து குழாயில் உலர்ந்த திட்டுகள் தோன்றும். அங்கே உப்புகள் படிந்து ஓடுபோல் இறுகி வெப்பத்தைத் தடுக்கும். நீர் வழியும் தோற்றமே நிலைமையைக் காட்டும். குறைவாக இருந்தால் ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் துளித்துளியாக விழும், கூடினால் தாரைகளாகும், இன்னும் கூடினால் திரைபோல் இறங்கும்.

சவூதி அரேபியாவின் ஜுபைல் நகரில் இம்முறையில் 27 அலகுகள் கொண்ட ஆலை, நாளொன்றுக்கு 8 லட்சம் கன மீட்டர் நன்னீர் தரும்படி அமைக்கப்பட்டது. அத்தனை பெரிய ஆலையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த படலத்தை நம்பியே இயங்குகிறது.

மாணவியரே, நினைவில் கொள்ள வேண்டியது இதுவே: நீரை மெல்லியதாகப் பரப்பினால் சிறு வெப்பநிலை வேறுபாடே போதும், சிறு வேறுபாடு போதுமென்றால் ஒரே வெப்பத்தைப் பலமுறை பயன்படுத்தலாம். ஆனால் படலம் எங்கும் அறுபடாதிருக்க வேண்டும்.