பேருந்தில் கைப்பேசி: சில எச்சரிக்கைகள்

மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி வரும் அன்பர்கள், கூட்ட மிகுதியால் படிக்கட்டில் நிற்க நேரும்போது, ஒரு கையால் கம்பியைப் பற்றி மறு கையால் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பது, ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்தும் ஒரு க்ஷணத்தில் பிராணாபாயமாக முடியக்கூடுமாதலால், அதை அறவே தவிர்க்க வேண்டுகிறேன்.

காதில் ஒலிக்கருவியோடு இறங்கி நான்குவழிச் சாலையைக் கடப்பது அதனினும் விபரீதம். விரைந்து வரும் லாரியின் ஓசை செவியில் விழாது.

ஓட்டுநரே கைப்பேசியைக் கையில் எடுத்துப் பேசினால், நடத்துநரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

சன்னலோரம் பேசுவோரிடமிருந்து கைப்பேசியைப் பறித்துச் செல்வதும் உண்டு. *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை இன்றே வீட்டில் எழுதி வையுங்கள்; களவுபோனால் போலீஸில் புகார் கொடுத்துக் கருவியை முடக்குவதற்கு அவ்வெண் அவசியம்.