தாய்ப்பாலும் குடும்ப நிலையும்

"அந்த வகுப்பார் பிள்ளைக்கு அதிக நாள் பால் கொடுக்கமாட்டார்கள், அவர்கள் வழக்கமே அப்படி" என்னும் பேச்சைக் கிராமக் கூட்டங்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பாலூட்டும் வழக்கம் பிறந்த குலத்தைப் பொறுத்ததுதானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

பல இனத்தவர் கலந்து வாழும் இரு நாடுகளின் கணக்கு இதற்கு விளக்கம் தருகிறது. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு பிறந்த வெள்ளையர் குழந்தைகளுள் நூற்றுக்கு 86 தாய்ப்பால் பெற்றன. கறுப்பினக் குழந்தைகளுள் 69 மட்டுமே பெற்றன. இதனை மட்டும் கண்டவர் இனத்தின் இயல்பென்றே முடிவு கட்டிவிடுவர். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு எடுத்த கணக்கோ இதற்கு நேர்மாறானது. அங்கே கறுப்பினத் தாய்மாருள் நூற்றுக்கு 96 பேரும், வெள்ளையருள் 79 பேரும் பாலூட்டத் தொடங்கினர். காரணம் இரத்தத்தில் இருந்தால் கடலைக் கடந்ததும் அது மாறுமா? அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது சம்பளமில்லாத 12 வார விடுப்பே; அதுவும் எல்லோருக்கும் அன்று. கூலியை நம்பியிருப்பவள் சம்பளமின்றி எத்தனை நாள் வீட்டில் இருப்பாள்? கறுப்பின மக்கள் மிகுந்த பகுதிகளின் மருத்துவமனைகளில் பாலூட்டத் துணை செய்யும் ஏற்பாடுகள் குறைவு என்பதையும் அந்நாட்டு ஆய்வாளர் கண்டனர்.

வருவாய் நிலைக்கு வருவோம். அமெரிக்காவில் வருவாய் உயர்ந்த குடும்பங்களில் பாலூட்டுதல் மிகுதி. நம் நாட்டிலோ ஏழைத் தாயே நீண்ட நாள் பால் கொடுக்கிறாள். வசதி வந்த வீட்டில் புட்டியும் கூடவே வந்துவிடுகிறது. ஆயினும் ஏழை வீட்டில் குறையில்லை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 64 மட்டுமே தாய்ப்பாலன்றி வேறெதுவும் பெறாதவை.

ஒரு சிற்றூரில், பேறு முடிந்த இரண்டாம் மாதமே களையெடுக்கச் சென்ற ஒரு தாயை வரப்பருகே சந்தித்தோம். குழந்தை வீட்டில் பாட்டியிடம் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தாய்ப்பாலின் சிறப்பை நாம் விரிவாக எடுத்துரைத்தோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, கொடுக்கத் தெரியாமல் இல்லை. வீடு ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் போய் வந்தால் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள்" என்றாள். நமக்கு மேற்கொண்டு பேச வாய் எழவில்லை. 2017ஆம் ஆண்டில் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பு மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டுகிறது. நாட்கூலிக்குக் களையெடுப்பவளுக்கு எட்டுவதில்லை.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், பணியிடத்திற்குச் சிறு குழந்தைகள் ஐவர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. தனியார் வயலுக்கு அவ்விதி இல்லை எனினும், மரநிழலில் ஒரு தூளியும், பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டியும், நடுவில் அரைமணி ஓய்வும் தருவது எந்த நிலக்காரருக்கும் பெருஞ்செலவன்று. பச்சிளங்குழந்தை உள்ள வீடுகளுக்குச் செல்லும் ஊழியர்கள், தாய் வேலைக்குச் செல்லும் இடம் எவ்வளவு தொலைவு, எத்தனை மணிக்கு ஒருமுறை அவளால் வீடு திரும்ப இயலும் என்பவற்றை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வாராக. எந்த வகுப்பு என்ற கேள்வியைப் பிறகு கேட்கலாம்.