யானை இல்லாத ஐடா

சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்காக எழுதப்பட்ட ஓபரா எது என்று கேட்டால், வினாடி வினாவில் பழகியவர்கள் யோசிக்காமல் ‘ஐடா’ என்பார்கள். எழுதியவர் யார்? இத்தாலியின் ஜுசெப்பே வெர்டி. இரண்டாவது விடை சரி. முதல் விடைக்கு மார்க் கிடையாது. கால்வாய் திறந்தது 1869 நவம்பர் 17-ல். ஐடா கெய்ரோவில் மேடையேறியது 1871 டிசம்பர் 24-ல். எந்தத் திறப்பு விழாவும் இரண்டு வருடம் காத்திருக்காது.

எகிப்தை அப்போது ஆண்ட கெதிவ் இஸ்மாயில் பாஷா வெர்டியை அணுகியது உண்மைதான். கேட்டது விழாவுக்கு ஒரு வாழ்த்துப்பாட்டு. சமயத்துக்குத் தக்கபடி பாட்டுக் கட்டிக் கொடுப்பது தன் வழக்கமில்லை என்று வெர்டி மறுத்துவிட்டார். (1862-ல் லண்டன் கண்காட்சிக்கு அப்படியொன்றை எழுதியவர்தான். பெரிய மனிதர்களுக்கு இந்த மறதி உண்டு.) புதிதாகக் கட்டிய கெய்ரோ ஓபரா அரங்கு 1869 நவம்பர் 1-ல் திறந்தபோது பாடப்பட்டது ‘ரிகொலெத்தோ’. அதுவும் வெர்டியுடையதுதான், ஆனால் 1851-லேயே வெனிஸில் அரங்கேறிய பழைய சரக்கு. ஐடாவின் கதைச் சுருக்கத்தை எழுதியவர் ஓகுஸ்த் மரியெத் என்ற பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர். அது வெர்டியின் கைக்கு வந்ததே 1870-ல்தான். 1,50,000 பிராங்க் என்று பேசி முடித்து வேலையைத் தொடங்கினால், பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கிவிட்டன. உடைகளும் காட்சித் திரைகளும் தயாரானது பாரிஸில், பாரிஸோ முற்றுகையில். மரியெத்தும் உள்ளே மாட்டிக்கொண்டார். சாமான் வெளியே வரும்வரை கெய்ரோ காத்திருந்தது. கடைசியில் அரங்கேறியபோது வெர்டி அங்கே போகவும் இல்லை.

யானை விஷயத்துக்கு வருவோம். ஐடா என்றால் மேடையில் யானை வரும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இரண்டாம் அங்கத்தின் வெற்றி ஊர்வலத்துக்குப் படை, தேர், கொடி, தெய்வச் சிலை, நாட்டியப் பெண்கள், எக்காளம் என்று நாடக ஏட்டில் நிறையவே கேட்டிருக்கிறார்கள். யானை கேட்கவில்லை. அது பிற்காலத்தில் பெரிய மைதானங்களுக்குக் கூட்டம் சேர்க்க நினைத்தவர்களின் கைங்கரியம். வெர்டியின் நூற்றாண்டான 1913-ல் வெரோனாவின் பழைய ரோமானிய வட்டரங்கில் ஐடாவைப் போட்டார்கள். திறந்தவெளிப் பிரம்மாண்டத்தில் ஜனங்களுக்கு ருசி கண்டுவிட்டது. ஆனால் யானைக்காகப் போகிறவர் ஏமாறுவார். அந்த ஊர்வலத்தைக் கழித்துவிட்டால், மீதியில் பெரும்பகுதி இரண்டு பேரோ மூன்று பேரோ நின்று மனம் குமைகிற நாடகம். முடிவில் கல்லறைக்குள் உயிரோடு அடைபட்ட இருவர் தாழ்ந்த குரலில் உலகத்திடம் விடைபெறுகிறார்கள். மேலே ஒருத்தி அமைதி வேண்டி முணுமுணுக்கிறாள். ஐடாவின் உச்சம் என்று நான் சொல்வது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

ஐடாவைப் பற்றி நம்ப முடியாத கதை ஒன்று உண்டு; அது மட்டும் நிஜம். 1872-ல் ரெஜ்ஜோ ஊர்க்காரர் ஒருவர் ரயிலேறிப் பார்மா போய் ஐடா பார்த்தார். பிடிக்கவில்லை. ஊரே புகழ்கிறதே என்று தன் மேலேயே சந்தேகப்பட்டு இன்னொரு தடவை போனார். அப்போதும் பிடிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வெர்டிக்கே எழுதினார், கணக்கோடு. போக ரயில் 2.60 லிரா, வர 3.30, டிக்கெட் 8, ஸ்டேஷனில் வாயில் வைக்க விளங்காத ராச்சாப்பாடு 2. இரண்டு தடவைக்கும் சேர்த்து 31.80. வெர்டி தன் பதிப்பாளர் ரிகோர்தியிடம் சொல்லி 27.80 கொடுக்கச் செய்தார். சாப்பாட்டுக் காசு 4 லிராவைப் பிடித்துக்கொண்டார்: அதை வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே! அவருடைய புது ஓபரா எதற்கும் இனி வரமாட்டேன் என்று அந்த மனிதரிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது ‘லா திராவியாதா’. 1853 மார்ச் 6-ல் வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் தோற்றது என்றும், காசநோயில் இளைத்துச் சாக வேண்டிய நாயகி பருத்த உடம்புக்காரியாக இருந்ததே காரணம் என்றும் சொல்வார்கள். சமகால உடையைக் கண்டு சபை மிரண்டது என்று கூடுதலாக ஒன்றும் சேர்த்துக்கொள்வார்கள். படுதோல்வி என்று மறுநாளே நண்பர்களுக்குக் கடிதம் எழுதியவர் வெர்டிதான். நாயகியாகப் பாடிய ஃபான்னி சால்வீனி-தோனாத்தெல்லிக்கு உடம்பு இருந்தது, குரலும் இருந்தது. முதல் அங்கத்தில் கைதட்டல் அவருக்குக் கிடைத்தது, பத்திரிகைகளும் அவரைப் பாராட்டின. காலை வாரியவர்கள் ஆண்கள்: காதலனாகப் பாடிய கிராத்சியானி, காதலனின் தந்தையாகப் பாடிய வரேஸி. பழி மட்டும் அந்த அம்மாளின் இடுப்பளவு மேல் விழுந்தது. உடைக் கதை இன்னும் வேடிக்கை. சமகால உடை வேண்டும் என்று வெர்டி விரும்பினார், அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. கதையை 1700 வாக்குக்குத் தள்ளி, அந்தக் காலத்து உடையில்தான் போட்டார்கள். மேடைக்கே வராத உடையைப் பார்த்து எப்படி மிரள்வது? அடுத்த ஆண்டு மே மாதம் அதே வெனிஸில் வேறொரு அரங்கில், சில பகுதிகளைத் திருத்தி, வேறு பாடகர்களை வைத்துப் போட்டார்கள். ஜெயித்தது.

சில கதைகளுக்கு மூலம் வெர்டியே. குடியானவன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு விருப்பம் அதிகம். அப்பா, ரொன்கோலே கிராமத்தில் சத்திரம் நடத்தியவர். பையனுக்கு ஸ்பினெட் என்ற சிறிய விசை வாத்தியத்தை வாங்கிக் கொடுக்க வசதி உள்ளவர். 1832-ல் மிலான் இசைப்பள்ளி அவரைச் சேர்க்காததற்கும் திறமைக்கும் முடிச்சுப் போடுவார்கள். வயது வரம்பைத் தாண்டியிருந்தார், பார்மா நாட்டுக் குடிமகன் என்பதால் மிலானுக்கு அந்நியர், பியானோவில் கை வைக்கும் முறையும் சரியில்லை. முதல் இரண்டையும் எந்தத் திறமையாலும் மாற்ற முடியாது.

இன்னொன்றைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் 1840-ல் ஒரு சில மாதங்களுக்குள் பறிகொடுத்ததாக அவர் 1879-ல் சொன்னார். மகள் இறந்தது 1838 ஆகஸ்டில், மகன் 1839 அக்டோபரில், மனைவி மார்கெரீத்தா 1840 ஜூனில். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தவருக்கு மூன்று சாவும் ஒரே சாவாகத் தெரிந்திருக்கும்.

இருப்பதிலேயே பெரிய கதை ‘நபுக்கோ’வுடையது. 1842 மார்ச் 9, மிலான், லா ஸ்காலா அரங்கு. பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயர்கள் தாய்நாட்டை நினைத்து ‘வா, பென்சியேரோ’ பாடுகிறார்கள். ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த மிலான்காரர்கள் அதில் தங்களையே கண்டு, போலீஸ் தடையையும் மீறி ‘ஒன்ஸ் மோர்’ கேட்டார்களாம். வரலாற்று நூல்களிலும் ஏறிவிட்ட கதை இது. ராஜர் பார்க்கர் என்ற ஆய்வாளர் அந்த நாளைய பத்திரிகைகளைப் புரட்டினார். ஒன்ஸ் மோர் கேட்டது உண்மை; கேட்கப்பட்ட பாட்டு வேறு. நான்காம் பகுதியில் வரும் ‘இம்மென்சோ ஜெஹோவா’ என்ற துதிப்பாட்டு அது. இதைவிடக் குறும்பான ஒரு தகவல்: ஆஸ்திரியாவை எதிர்த்த ஓபரா என்று பேர் வாங்கிய நபுக்கோவை வெர்டி காணிக்கையாக்கியது ஆஸ்திரிய இளவரசி அதெலாய்தேவுக்கு. அந்த இளவரசி அடுத்த மாதமே மணந்துகொண்டவர்தான் பிற்பாடு ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னரான விட்டோரியோ எமானுவேலே.

‘வீவா வெர்டி’ என்ற கோஷம் அந்த மன்னரை நினைத்துப் பிறந்ததே. ‘விட்டோரியோ எமானுவேலே, இத்தாலியின் மன்னர்’ என்பதற்கான இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வெர்டி என்று வரும். அது கட்டுக்கதை இல்லை. ஆனால் அது கிளம்பியது 1859 வாக்கில். 1842-ன் கூட்டத்தின் வாயில் அதைத் திணிக்கக் கூடாது. தேசத்துக்காகவே வெர்டி எழுதியது ‘லெஞ்ஞானோ போர்’. 1849 ஜனவரியில் ரோமில் அரங்கேறியபோது கடைசி அங்கம் முழுவதையும் மறுபடி பாடச் சொன்னார்கள். இன்று அதை மேடையில் பார்ப்பது அபூர்வம். வா, பென்சியேரோவை இத்தாலியின் தேசிய கீதம் என்று நினைப்பவர்களும் உண்டு. கீதம், மமேலி எழுதியது. 1862-ன் லண்டன் பாட்டில் வெர்டியே இத்தாலிக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது அதைத்தான்.

வா, பென்சியேரோ நாட்டின் பாட்டானது மெல்ல மெல்லத்தான். 1901-ல் வெர்டி இறந்து, ஒரு மாதம் கழித்து அவர் உடலை நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோனபோது, தோஸ்கனீனி நடத்த, சுமார் 800 பேர் அதைப் பாடினார்கள். நபுக்கோ கேட்க வாய்த்தால் அந்தப் பாட்டோடு எழுந்துவிடாதீர்கள். நான்காம் பகுதி வரை இருங்கள். வாத்தியங்கள் அடங்கி, குரல்கள் மட்டும் தனியாக எழும் ஓர் இடம் வரும். 1842-ல் மிலான் இன்னொரு தடவை கேட்டது அதைத்தான்.