நம்பிக்கைகளும் உண்மைகளும்: சங்கத்தின் பெயர் யார் கையில்?

2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்க முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவில் 1985இல் பிறந்த தாய் அமைப்பின் பெயரையே அது சூடிக்கொண்டது. நிர்வாகம் மட்டும் தனி. பெயரைப் பகிரலாம், பொறுப்பைப் பிரிக்கலாம். ஆனால் எது யாருடையது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

நம்பிக்கை: பதிவு செய்துவிட்டோம், இனிப் பெயர் நமதே.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவாகிவிடும். திருவனந்தபுரத்தில் அது 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டப்படி நடக்கிறது. அதே கேரளத்தின் மலபார் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு மாநிலத்துக்குள்ளேயே இரண்டு சட்டம் என்றால், பதிவுச் சான்றிதழ் நாடு முழுவதும் பெயரைக் காக்கும் என்று எப்படி நம்புவது? அதற்கு 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம் இருக்கிறது. பதிவு 10 ஆண்டு நிற்கும், புதுப்பிக்கலாம்.

லினக்ஸ் என்ற பெயருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட மென்பொருள் அது. அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்தப் பெயரை அமெரிக்காவில் தன் பெயரில் பதிந்துகொண்டு, அதைப் பயன்படுத்திய நிறுவனங்களிடம் பணம் கேட்டார். வழக்கு நடந்து, 1997இல்தான் பெயர் டோர்வால்ட்ஸிடம் வந்தது.

நம்பிக்கை: கைப்பற்ற வருகிறவன் சட்டத்தை மீறித்தான் வருவான்.

இல்லை. சந்தா ரசீதோடு வருவான். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு நூறு விண்ணப்பங்கள் வருகின்றன, பணமும் கட்டப்படுகிறது. பொதுக்குழு நாளில் அந்த நூறு கைகள் ஒன்றாக உயர்கின்றன. எல்லாம் சட்டப்படி! பழைய தொண்டர்கள் மினிட்ஸ் புத்தகத்தைக்கூட ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான்.

இதைத் தடுக்கும் இடம் பைலா, அதாவது சங்கத்தின் உள்விதிகள். சேர்ந்து இத்தனை மாதம் ஆனவருக்கே வாக்கு. உறுப்பினர் சேர்க்கைக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே வாக்காளர் பட்டியல் முடிவாக வேண்டும். பெயரையோ நோக்கத்தையோ மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 1860ஆம் ஆண்டுச் சட்டமே, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்கிறது. நோக்கத்தை மாற்ற, உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவையும், ஒரு மாத இடைவெளியில் கூடும் இரண்டாம் கூட்டத்தின் ஒப்புதலையும் கேட்கிறது. அந்த ஒரு மாதம் மிகப் பெரிய பாதுகாப்பு. செய்தி பரவும், தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் எழுந்து வருவார்கள்.

நம்பிக்கை: அப்படியானால் எல்லாவற்றையும் நம்பகமான சிலரிடம் பூட்டிவிடலாம்.

இது இன்னொரு வாசலைத் திறந்துவிடும். ஃப்ரீநோட் என்ற இணைய உரையாடல் சேவையை ஆண்டுக்கணக்கில் நடத்தியவர்கள் தொண்டர்கள். பெயர் இருந்ததோ ஒரு நிறுவனத்திடம். அந்த நிறுவனம் 2017இல் கைமாறியது. 2021 மே மாதம் தொண்டர்கள் மொத்தமாக விலகி, சுவீடனில் லிபெரா சாட் என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். உழைப்பைக் கொண்டுபோக முடிந்தது, பெயரைக் கொண்டுபோக முடியவில்லை.

வாக்கைச் சுருக்குவதும் நெடுநாள் நிற்காது. திருவனந்தபுரம் மாவட்டத்து அருவிப்புறத்தில் வேர்விட்டு 1903இல் பதிவான எஸ்.என்.டி.பி. யோகம் என்ற சமூக அமைப்பில், 200 உறுப்பினருக்கு ஒரு பிரதிநிதி என்ற வாக்குமுறை இருந்தது. 2022 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது.

புதுச் சங்கம் தொடங்கும் நண்பர்களே, இன்று மாலையே உட்கார்ந்து பாருங்கள். இணைய முகவரி யார் பெயரில் வாங்கப்பட்டது? லோகோ யார் பெயரில் இருக்கிறது? வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்கள் யார்? தனிநபர் பெயரில் உள்ளவற்றைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். முதல் பொதுக்குழு கூடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.