ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிற பிள்ளை

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் கிறுக்கு." மனச்சிதைவு நோய் கண்ட பிள்ளையிடம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். 25 வயதுப் பையன், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளுகிறான். விடிய விடிய மொட்டை மாடியில் நடக்கிறான். திமிர் என்கிறார் அப்பா. திமிரல்ல. தனக்கு நோய் இருப்பதை உணரும் திறனையே இந்த நோய் பலரிடம் பறித்துவிடுகிறது. உங்கள் குரல் எவ்வளவு நிஜமோ, அவன் காதில் மட்டும் ஒலிக்கும் குரலும் அவனுக்கு அவ்வளவு நிஜம். வாதாடி ஜெயிக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோரின் உடன்பிறந்தவருக்கே இந்த நோய் இருந்தது. நோயை ஒப்புக்கொள்ள வைக்கும் சண்டையை விட்டுவிட்டு, நோயாளி படும் கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கச் சொன்னார் அமடோர். "என்னைக் கொல்லப் பாக்குறாங்க" என்று மகன் சொன்னால் ஆமாம் போடவும் வேண்டாம், பொய் என்று மறுக்கவும் வேண்டாம். "அப்படித் தோணுனா யாருக்குமே பயமாத்தான்யா இருக்கும். ராத்திரி தூக்கமே இல்லாமக் கெடக்குறியே, அதுக்கு மட்டும் டாக்டரப் பாப்போமா?" என்று கேளுங்கள். மனநோய் என்றால் வரமாட்டான், தூக்கத்துக்கென்றால் வரலாம். அதை அப்பாதான் கேட்க வேண்டும் என்றில்லை. அவன் நம்பும் தாய்மாமனோ கூடப் படித்த சிநேகிதனோ கேட்கட்டும்.

வீட்டில் ஓயாத திட்டும் குத்தலும் இருந்தால் நோய் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம் என்பது லண்டனில் தொடங்கிய ஆய்வுகளின் முடிவு. 1980களில் சண்டிகரில் பார்த்தபோது நம் நாட்டுக் குடும்பங்கள் குறைவாகவே குறை சொல்வதாகத் தெரிந்தது. நம்மூர் அப்பாக்கள் யாரும் அந்த ஆய்வில் இல்லை போலும்!

கோயிலுக்கு என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரியில் இறக்குவது ஒருமுறைதான் பலிக்கும். குழம்பில் மாத்திரையைப் பொடித்துக் கலப்பது அதைவிட மோசம். சோற்றில் மருந்து இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவனுக்கு அந்தச் சந்தேகத்தை நீங்களே உண்மையாக்குகிறீர்கள். ஏற்கெனவே கலந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அவன் சம்மதித்தால் அதுவே நல்ல வழி.

அவன் வராவிட்டால் முதலில் நீங்கள் போங்கள். நம் டி. கல்லுப்பட்டியில் பஸ் ஏறினால் திருமங்கலம் வழியாக மதுரை. அங்கே அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்றும் விசாரியுங்கள். தூக்கம் எப்போது கெட்டது, என்னென்ன பேசுகிறான், கஞ்சா, குடி உண்டா, முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டான் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

கோடாங்கியிடம் குறி கேட்பதையும் தர்காவில் ஓதுவதையும் நான் தடுக்கவில்லை. அதற்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்; சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்பவர்களையும் நம்பாதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் அதில் சிக்கும். பெண்பிள்ளைக்கு நோய் என்றால் வரன் கெடும் என்று உள்ளறையில் ஒளித்துவைப்பது சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் ஆக ஆகக் குணமாவது கடினம்.

பொறுக்கக் கூடாத கட்டமும் உண்டு. அரிவாளை எடுக்கிறான், சாகப்போகிறேன் என்கிறான், நாள்கணக்காகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் தயங்காமல் 108ஐ அழையுங்கள். பருத்திக்கு அடிக்கிற மருந்தையும் வெட்டுக்கருவிகளையும் முன்கூட்டியே வீட்டைவிட்டு அகற்றுங்கள். அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரச் சட்டம் இடமளிக்கிறது. அவன் மறுத்தாலும், அவனுடைய பிரதிநிதியாக நீங்கள் எழுதிக்கொடுத்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்டால் 30 நாள்வரை சேர்க்கலாம். தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை. ஸ்டேஷனில் பேசும்போது முதல் வாக்கியமே "பையனுக்கு மனநோய்" என்று இருக்கட்டும்.

அவன் தெளிந்த பிறகு, மறுபடி இப்படி வந்தால் யார் தன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று அவனையே கேளுங்கள். தான் விரும்புகிறவரின் பெயரை அவன் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவரே சட்டப்படி பிரதிநிதி ஆகலாம்.

மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அழைப்பதற்கு உங்கள் பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. இன்றே பேசுங்கள்.