கம்பிகள் இழுக்கத்தான் வேண்டும்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை தனியாகச் சைக்கிளில் போக வேண்டும், அதற்காக வேலையை விட்டாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அம்மா அழுகிறார் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு கேள்வி: குடும்பமா, என் வாழ்க்கையின் நோக்கமா, எதைப் பிடித்துக்கொள்வது? போ என்றோ போகாதே என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியே கோணலாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கைநழுவும் என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டுக் கேட்டிருக்கிறாய். நெடுந்தூரம் சைக்கிளில் போனவர்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வீட்டின் இழுப்பு இருந்ததால்தான் அவர்களில் பலருடைய பயணத்துக்கு ஓர் உருவமே கிடைத்திருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை எழுதுகிறேன். உனக்கு ஒப்பவில்லை என்றால் மறுத்து எழுது.

டெர்வ்லா மர்ஃபி என்ற ஐரிஷ் பெண்மணியை எடுத்துக்கொள். அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931இல் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் பரிசாக வந்தன. சில நாள் கழித்து ஊருக்கருகே ஒரு மேட்டில் ஏறும்போது, பெடலை மிதிக்கும் தன் கால்களைக் குனிந்து பார்த்து, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று அந்தச் சிறுமிக்குத் தோன்றியது. போனது எப்போது தெரியுமா? 1963 ஜனவரியில், 31 வயதில். இடையில் நடந்தது இதுதான்: அம்மாவுக்குக் கடுமையான மூட்டுவாதம், கைகால் முடங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். பதினாறு ஆண்டுகள். 1961இல் அப்பாவும் 1962இல் அம்மாவும் போன பிறகுதான், ஐரோப்பாவே உறைந்து கிடந்த அந்தக் குளிர்காலத்தில், ரோஸ் என்று பெயர் வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மலைப்பாதையில் பழுதாகும் என்று கியரைக்கூடக் கழற்றிவிட்டார். யூகோஸ்லாவியா, துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அதே ஆண்டு ஜூலையில் டெல்லிக்கு வந்து சேர்ந்தார். வழியில் ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் நடந்த ஒரு தகராறில் துப்பாக்கிக் கட்டை பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அதற்கும் அவர் திரும்பவில்லை.

இதைச் சொன்னதும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். "அப்படியானால் அப்பா அம்மா காலம் முடியும்வரை காத்திரு என்கிறீர்களா, அத்தை?" இல்லை. அந்தக் கதையை அப்படிப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். மர்ஃபியே தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கடைசி ஆண்டுகளில் தாய்க்கும் மகளுக்கும் இடையே கசப்பு ஏறியது. தாய் போனபோது துக்கத்தோடு விடுதலை உணர்வும் வந்தது. பெற்றவர்களின் சாவைத் தன் விடுதலை நாளாக எண்ணும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளும் கடமை, கடமையாக இருந்தாலும் நல்ல ஏற்பாடு இல்லை. அதோடு, காத்திருந்து காத்திருந்து போகாமலே போய்விட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் புத்தகம் எழுதவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. காத்திருந்து ஜெயித்த ஒருவரைக் காட்டி எல்லாரையும் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. அதனால் அந்தக் கதையில் நான் உனக்குக் காட்ட விரும்புவது வேறு இடம். அந்தப் பதினாறு ஆண்டுகளும் வெறும் காத்திருப்பாக இருக்கவில்லை. 1950களில் அவர் சைக்கிளிலேயே வேல்ஸுக்கும் தெற்கு இங்கிலாந்துக்கும் போனார், ஐரோப்பாவுக்குள் போனார், ஸ்பெயினுக்குப் போனார். சில வாரப் பயணங்கள். போய்வா என்று தூண்டியவரே படுக்கையில் இருந்த அம்மாதான். எத்தனை நாள், அதுவரை யார் பார்த்துக்கொள்வது, எப்போது திரும்புவது என்ற பேச்சு இல்லாமல் அது நடந்திருக்க முடியாது. உன் வீட்டில் இன்னும் நடக்காத பேச்சு அதுதான்.

இன்னொரு மறுப்பும் உன்னிடம் இருக்கும். நோக்கம் என்பது வீட்டில் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது, சாலையில்தான் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். மர்ஃபியின் கதையே உன் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். டெல்லிக்கு வந்தபின் அவர் தர்மசாலா போய், திபெத்திலிருந்து தப்பிவந்த அகதிக் குழந்தைகளின் முகாமில் வேலை செய்தார். கிளம்பும்போது அப்படியொரு திட்டம் இல்லை. அப்படியானால் சாலைதானே அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தது? சாலை அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முகாமில் சொறிபிடித்த, வயிற்றோட்டத்தில் துவண்ட குழந்தைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்காமல் உட்கார்ந்து துடைத்துவிடுவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் ஓர் உடம்பைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டி, ஊட்டிய கை அது. அந்தக் கை இல்லாத பயணி அதே முகாமைப் பார்த்து, பரிதாபப்பட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பியிருப்பார் என்பது என் எண்ணம். சாலை நமக்கு நிறையக் காட்டும். காட்டியதில் எது நமக்கு உரியது என்று அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம் வீட்டில்தான் உருவாகிறது. உன் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது உன் நோக்கத்தைத் தின்றுவிடுகிறது என்று நினைக்காதே.

சரி, ஆண்களிடம் யாராவது இதைக் கேட்டார்களா என்பாய். கேட்கவில்லை, உண்மைதான். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் ஆள் மார்பளவு இருக்கும் அந்தக் காலச் சைக்கிளில் கிளம்பி, 1886இல் யோகோகாமாவில் போய் நின்றார். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவரைப் பற்றிப் பேசும்போது தூரத்தையும் சக்கரத்தின் உயரத்தையும் பேசுகிறோம். வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போனார் என்று கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து 1894 ஜூனில் ஆனி லண்டன்டெரி என்ற பெண் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். கணவரும் மூன்று சின்னக் குழந்தைகளும் வீட்டில். லண்டன்டெரி என்பது அவர் பெயரே இல்லை. ஒரு குடிநீர் நிறுவனம் 100 டாலர் கொடுத்துத் தன் பெயரை அவர்மேல் ஒட்டி அனுப்பியது. 19 கிலோ சைக்கிளில் நீளப் பாவாடையோடு கிளம்பியவர், சிகாகோவில் அதைப் பத்துக் கிலோகூட இல்லாத ஆண்கள் சைக்கிளாக மாற்றிக்கொண்டார். பதினைந்து மாதம் கழித்துத் திரும்பினார். பெரும்பகுதித் தூரம் கப்பலில். இன்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று குழந்தைகளைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. பெண்ணிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி அநியாயமானது. ஆனால் அநியாயம் தீரவேண்டுமானால், யாரிடமும் கேட்கக் கூடாது என்று ஆக்குவது வழியில்லை. ஆணிடமும் கேட்க வேண்டும். உன் தம்பி நாளைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லடாக் கிளம்பினால் அவனுக்கும் இதே கடிதத்தை எழுதுவேன். அதைவிட முக்கியம், நீ இல்லாத நாட்களில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அவன் பொறுப்பு என்று அவனிடமும் எழுதுவேன். மகள் போனால் வீடு நின்றுவிடும், மகன் போனால் நிற்காது என்று ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்தால், அங்கே திருத்த வேண்டியது அந்த ஓட்டத்தைத்தான்.

குடும்பம் என்று பேசும்போது இரண்டு விஷயங்களைக் கலந்துகொள்கிறோம், அதைப் பிரித்துப் பார். ஒன்று, நிஜமான கடன்: அம்மாவின் முட்டுவலி, அப்பாவின் சர்க்கரை, வீட்டுக்கடன் தவணை. இன்னொன்று, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டார்களே என்று தெருவில் பேசுவார்கள் என்பது உன் கடன் கணக்கில் சேராது. அதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் பயம் என்று நாம் ஒதுக்கும் எல்லாமே பொய்ப் பயம் இல்லை. லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையில் மகள் இருட்டில் சைக்கிள் மிதிப்பதை நினைத்து அம்மா அழுதால், அது ஊர்ப்பேச்சுக்குப் பயந்த அழுகை இல்லை. அதற்குப் பதில், பின்னால் சிவப்பு விளக்கும் மின்னும் சட்டையும், பொழுது சாய்ந்தபின் மிதிப்பதில்லை என்ற உறுதியும்தான். வாதம் இல்லை.

சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பாய். நம்மூர்ச் சைக்கிளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. ஒவ்வொன்றும் ஈர்க்குச்சிக் கனம்தான். ஒன்றைத் தனியாக எடுத்துக் கையில் அழுத்தினால் வளைந்துவிடும். அப்படிப்பட்ட கம்பிகள் ஆளையும் மூட்டையையும் தாங்குவது எப்படி? ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. எல்லா இழுப்பும் சமமாக இருக்கும்வரை சக்கரம் நேராக ஓடும். கம்பி தளர்ந்தால் கொஞ்ச நாளில் முறியும். ஒன்று முறிந்தால் ரிம் கோணி, பிரேக் கட்டையில் உரசும். அளவுக்கு மீறி முறுக்கினாலும் ரிம் விண்டுவிடும். அதனால்தான் கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, எங்கே உரசுகிறது என்று பார்த்து, நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருப்புகிறார். எந்தக் கம்பியையும் அறுத்து எறிவதில்லை. உன் வீட்டில் இன்று ஒரு கம்பி அதிகம் முறுகியிருக்கிறது, இன்னொன்று தளர்ந்திருக்கிறது. நீ கடிதத்தில் பேசுவது அறுப்பதைப் பற்றி.

திரும்பி வருவதைத் தோல்வியாக நினைக்காதே என்றும் சொல்ல வேண்டும். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஒருவர் பாரசீகத்திலிருந்தே ஊர் திரும்பினார். ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். இன்னொருவரும் இடையில் விலகிக்கொண்டார். 1928 மார்ச்சில் பயணத்தை முடித்துப் பம்பாய் வந்து சேர்ந்தவர்கள் மூவர், ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் மிதித்து. முடித்த மூவரை நாம் கொண்டாடுவது சரி. அதற்காக நடுவழியில் திரும்பியவரைக் குறைத்து நினைக்க எனக்கு மனமில்லை. ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர் பிரத்யும்ன குமார் மகானந்தியாவோ 1977இல் டெல்லியில் பழைய சைக்கிளை எடுத்துக் கிளம்பியதே ஸ்வீடனில் இருந்த மனைவியிடம் போய்ச் சேரத்தான். விமான டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அவருக்குப் பயணமும் குடும்பமும் ஒரே திசையில் கிடந்தன.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சுமார் 4,100 கிலோமீட்டர். அங்கிருந்து ஸோஜிலா கணவாய் ஏறி லே வரை இன்னும் 420. மூட்டையோடு நாளுக்கு 80 என்று வைத்தால் 56, 57 நாள். நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, மலையில் வேகம் குறையும், எங்காவது காய்ச்சலில் படுப்பாய். எல்லாம் சேர்த்து மூன்று மாதம். பிப்ரவரி நடுவில் கிளம்பினால் ஏப்ரல் வெயில் ஏறுவதற்குள் நாக்பூரைத் தாண்டிவிடலாம். கணவாயில் பனி விலகும் நேரத்துக்குக் காஷ்மீரில் இருக்கலாம். வாழ்க்கையின் நோக்கம், குடும்பம் என்று பெரிய சொற்களில் நீ எழுதியது, தாளில் போட்டுப் பார்த்தால் மூன்று மாதத்துக்கான ஏற்பாடு. மூன்று மாதத்துக்கு வேலையை விட வேண்டுமா, சம்பளமில்லா விடுப்பு கேட்கலாமா? கேட்டுப் பார்த்தாயா?

மர்ஃபி கதையில் ஒரு பகுதி பாக்கி. 1968இல் அவருக்கு மகள் பிறந்தாள். தனியாகவே வளர்த்தார். குழந்தை வளரும்வரை ஐந்தாண்டு நெடும்பயணங்களை நிறுத்திவைத்தார். அப்புறம் 1973இல், ஐந்து வயது நிறையும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பம்பாயில் வந்து இறங்கி, குடகையும் கேரளத்தையும் பார்த்தபடி நம் குமரிமுனை வரை வந்தார். இந்தமுறை சைக்கிள் இல்லை. பின்னாளில் அதே மகளோடு பால்திஸ்தானுக்கும் பெரு நாட்டு மலைகளுக்கும் போனார். 2022இல் 90 வயதில் லிஸ்மோரில் கண்மூடினார், பிறந்த அதே ஊரில்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும், காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மேசையில் வரைபடத்தை விரி. எந்தத் தேதியில் எந்த ஊர், எங்கே தங்கல், எத்தனை மணிக்குப் போன், மாத்திரை வாங்குவது யார், தவணை கட்டுவது யார் என்று ஒரே தாளில் எழுது. திரும்பும் தேதியையும் எழுது. அப்பா வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, பென்சிலை அவர் கைக்குப் பக்கத்தில் வை. சாலையைப் பற்றி அவருக்கும் கேள்விகள் இருக்கும். அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. மதுரையும் சேலமும் உன் வழியில் வருகின்றன. எந்த ஊரில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் நீ தங்கலாம் என்று நான் ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை