குறளை எது, முறையீடு எது? – திருப்பாவை 2-ஆம் பாசுரச் சிந்தனை

திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில், நோன்பு நோற்பார் கொள்ள வேண்டுவனவற்றையும் விட வேண்டுவனவற்றையும் ஆண்டாள் நாச்சியார் அருளிச்செய்கிறாள். நெய்யும் பாலும் விலக்கு. மையும் மலரும் விலக்கு. முன்னோர் செய்யாதன செய்தலும், பிறர்மேல் குறளை, அதாவது கோள், சொல்லுதலும் விலக்கு. இவற்றுள் ஆய்ப்பாடிச் சிறுமியரின் மார்கழிக்கு மட்டும் உரியன எவை, இன்றைய குடும்பங்களுக்கும் உரியன எவை என்று வினவுவது தகும்.

விடை திருப்பாவையிலேயே உள்ளது. 27-ஆம் பாசுரத்தில் நெய் பெய்த பாற்சோறு வந்துவிடுகிறது; அவ்விலக்கு நோன்போடு நிறைவுற்றது. குறளை விலக்கையோ நாச்சியார் எந்தப் பாசுரத்திலும் தளர்த்தவில்லை. கணக்கேட்டில் ஆண்டிறுதியில் முடிக்கப்படும் கணக்குகளும் உண்டு, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும் இருப்பும் உண்டு. குறளை விலக்கு இரண்டாம் வகை. மருமகள் ஒருவரை நம்பி அனுப்பிய செய்தியை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதும் குறளையே.

இங்கு ஓர் ஐயம் தீர வேண்டும். புகுந்த வீட்டில் அடிபடும் பெண்ணிடம், “அவ்வீட்டுச் செய்தியை வெளியே சொல்லலாகாது” என்று பெரியோர் சிலர் இவ்விலக்கையே காட்டி வாயடைப்பதுண்டு. இது நாச்சியார் திருவுள்ளமாகுமா?

பிராட்டியின் சரிதத்தை நோக்குவோம். ஸ்ரீராமாயணத்தில், அசோகவனத்திற்கு வந்த திருவடியிடம் பிராட்டி தன் துயரை மறைக்கவில்லை. இன்னும் ஒரு மாதமே உயிர் தரிப்பேன் என்று பெருமாளுக்கு விண்ணப்பிக்கச் சொன்னாள். இராவண வதத்திற்குப் பின், அவளை நலிந்த அரக்கியரைக் கொல்லத் திருவடி அனுமதி வேண்டியபோது, அவர்கள் அரசன் ஏவலால் செய்தவர்கள், குற்றம் செய்யாதார் யார் என்று தடுத்தாள்.

காப்புத் தேடியபோது பேசினாள். பிறரைத் தண்டிக்கச் சமயம் வாய்த்தபோது குற்றம் சாற்ற மறுத்தாள். குறளைக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சொல்லும் சொல் ஒருவரைக் காக்கவா, ஒருவரைக் கெடுக்கவா என்று ஆராய்ந்தால் போதும்.

ஆகவே துன்புறும் பெண் பெற்றோரிடம் சொல்வதும், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படிப் பாதுகாப்புக் கோருவதும் குறளையாகா. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாலு வீட்டில் சுவைபடப் பேசுவோரே விலக்கை மீறியவர்.

அதே பாசுரம் ஐயமும் பிச்சையும் இயன்ற மட்டும் இடவும் விதிக்கிறது. கண்ணீரோடு வந்து நிற்கும் மகளுக்குச் செவிகொடுப்பதும், அவள் தங்க இடங்கொடுப்பதும் அக்கொடையில் அடங்கும் என்பது அடியேன் துணிபு.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.